உரியும் பை

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆவணியில் சித்தி மகள் கல்யாணம். லூயி வுய்ட்டான் நெவர்ஃபுல் பையின் ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது அசல் மாதிரியே செய்த போலி, 6,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். எழுத்தும் பூவும் போட்ட அதே பை, முழுக்க அசல் தோல் என்கிறார்கள். துபாயிலிருந்து வரும் மதினிமார் அசலோடு வருவார்கள், நான் சாதாரணப் பையோடு போய் நின்றால் மட்டமாக நினைப்பார்கள். வாங்கலாமா? இல்லையென்றால் கைக்கு அடங்கும் விலையில் வேறு என்ன வாங்கலாம்? கூலிங் கிளாஸ், கோயில் நகை செட் பற்றியும் சொல்லுங்கள்.

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

வாங்காதீர்கள். 'முழுக்க அசல் தோல்' என்று சொன்னபோதே பொய் வெளியாகிவிட்டது. எழுத்தும் பூவும் போட்ட அந்தப் பையின் உடம்பு அசலிலேயே தோல் கிடையாது. பருத்திக் கான்வாஸ் மேல் பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசியது. தோல் இருப்பது கைப்பிடியிலும் ஓரப்பட்டியிலும்தான். பை எதனால் ஆனது என்றுகூடக் கேட்காமல் 6,500 ரூபாயை எடுத்து வைக்கத் துணிந்தீர்களே, எனக்கு அதுதான் கோபம். மதினிமார் என்ன நினைப்பார்கள் என்பதை விடுங்கள் மக்களே, அவர்கள் சாப்பிடத்தான் வருகிறார்கள்.

கூலிங் கிளாஸுக்கு யுவி 400, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை, இருந்தால் போதும். கண்ணாடிக் கடையில் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோயில் நகைக்கு நாகர்கோவில் வடசேரி இருக்க வெளியே தேடுவானேன்? புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அடிப்பாகம் வெள்ளியா செம்பா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பைக்கு வருவோம். கொஞ்ச நாளாக மனதில் கிடந்த விஷயம் இது. கடைகளில் பியூ லெதர் என்பதை ரெக்சினைவிட உயர்த்தி விற்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலைமை நேர் தலைகீழ். பியூ என்பது துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைக்கும். நமக்கோ கடல் காற்று, போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. இரண்டு மூன்று வருடத்தில் பை செதில் செதிலாக உரியும். அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்தாலும் உரியும், ஏனென்றால் அதைக் கெடுப்பது உபயோகம் அல்ல, ஈரம். ஒட்டவும் முடியாது, பாலிஷ் போட்டும் மறைக்க முடியாது. ரெக்சின் பிவிசி பூச்சு. நாளானால் விறைத்து வெடிக்கும், ஆனால் இப்படி உரியாது. மட்டம் என்று ஒதுக்கும் ரெக்சின் பை, மினுக்கும் பியூ பையைவிட இங்கே அதிக நாள் உழைக்கும். 'ஜெனுவின் லெதர்' முத்திரையிலும் கவனம் வேண்டும். தோலின் அடி அடுக்கை எடுத்து மேலே பியூ பூசியதற்கும் அதே பெயர்தான். விரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல தோலில் சுற்றிலும் நுண்ணிய சுருக்கம் ஓடும், பூச்சில் ஒரு குழி மட்டும் விழும்.

தைத்து வாங்குவதுதான் என் யோசனை. திருச்சி, திண்டுக்கல் பக்கத்து ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல், மரப்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டது. அந்த 'அசல்' பையின் கைப்பிடித் தோலும் தாவரப் பதனம்தான். கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறம் ஏறுவதும் அதனால்தான். 35 செ.மீ. அகலம், 28 உயரம், 14 ஆழமுள்ள பைக்குச் சேதாரம் சேர்த்து ஆறேழு சதுர அடி தோல் போதும். கனம் 1.6 முதல் 1.8 மி.மீ. இருக்கட்டும், மடிப்பு வரும் ஓரங்களைச் சீவித் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முண்டு முண்டாக நிற்கும்.

நூல் பான்டட் நைலான், இழை பிரியாமல் ஒட்டிய நைலான் நூல். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். அங்குலத்துக்கு 7 அல்லது 8 தையல். 12 போட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் துளைகள் நெருங்கி தபால்தலை ஓரம்போலக் கிழியும். முதலில் விட்டுப்போகும் இடம் கைப்பிடி சேரும் இடம். அங்கே உள்பக்கம் ஒரு தோல் துண்டு வைத்து, இரண்டு ஊசியால் கைத்தையல் போடச் சொல்லுங்கள். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். வளையத்துக்கும் பக்கிளுக்கும் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, நம் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தோலையும் கறையாக்கும். பித்தளை கேளுங்கள். உள்ளே சரசரக்கும் பாலியெஸ்டர் வேண்டாம், பருத்தி டிரில் என்ற கெட்டித் துணி போடச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் பூஞ்சை வந்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். பாலிதீன் உறை வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள்! தோல் கறுக்கும், எண்ணெய் சிக்கடிக்கும்.

தைப்பவருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். கைப்பிடியின் தொங்கல், அதாவது கைப்பிடி உச்சியிலிருந்து பையின் வாய் வரை உள்ள உயரம், 25 செ.மீ. வரும்; ஆனால் அளவைக் கல்யாணத்துக்குக் கட்டப்போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானை மடிப்பு தோளில் இருக்கும்போது எடுங்கள்.