இஸ்மிரில் குடித்தனம்: அக்கம்பக்கம், அடுப்படி, அப்புறம் அந்த ‘ட்ச்’

கணவருக்கு இஸ்மிரில் வேலை கிடைத்திருக்கிறது, நாலு வயசுப் பெண்ணோடு வருகிறோம், நாங்கள் சைவம், துருக்கி மொழி ஒரு வார்த்தை தெரியாது, அக்கம்பக்கத்தில் எப்படிப் பழகுவது அக்கா, முக்காடு போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். துருக்கியிலேயே தாராளமான ஊர் என்று பெயர் வாங்கியது இஸ்மிர். கார்ஷியாகா கடற்கரையில் சாயங்காலம் நடந்து பாருங்கள், அரைக்கால் சட்டை போட்ட பெண்ணும் முக்காடு போட்ட பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார்கள். மசூதிக்குள் போனால் தலைக்கு ஒரு துணி, அவ்வளவுதான். நோன்பு மாதத்தில் ஓட்டல்கள் பாட்டுக்குத் திறந்திருக்கும். விடியற்காலையில் மேளக்காரர் தெருவில் அடித்துக்கொண்டு போவார், பயந்துவிடாதீர்கள், நோன்பிருப்பவர்களைச் சாப்பிட எழுப்புகிறார். மாதக் கடைசியில் அவரே வந்து காலிங்பெல் அடித்து இனாம் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

பேப்பர் வேலையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். போன் மட்டும் கவனம். இந்தியாவில் வாங்கிய போனில் இங்குள்ள சிம் போட்டால் 120 நாள்தான் ஓடும், அப்புறம் பதிவுக் கட்டணம் கட்டாமல் சிக்னல் வராது. அந்தக் கட்டணம் வருஷா வருஷம் ஏறுகிறது, சாதாரண போன் என்றால் அதன் விலையையே தாண்டிவிடும்.

இனி அக்கம்பக்கம். குடிவந்த கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர் தட்டோடு வந்து நிற்பார். முஹர்ரம் மாதமாக இருந்தால் அது அனேகமாக அஷூரே: கோதுமை, கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட் எல்லாம் போட்டுப் பாயசம் மாதிரிக் காய்ச்சி, மேலே மாதுளை முத்து தூவியிருப்பார்கள். பெரிய பாத்திரத்தில் செய்து அபார்ட்மென்ட் முழுக்க விநியோகம். அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் ரவா கேசரி செய்து கொடுக்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இங்கே ரவையை வெண்ணெயில் வறுத்துச் செய்யும் அல்வாவைச் சாவு வீட்டில் கிளறுவது வழக்கம். மற்ற நாளிலும் சாப்பிடுவார்கள்தான், மீன் ஓட்டலில் ஐஸ்கிரீம் வைத்துக்கூடத் தருவார்கள், ஆனால் திடீரென்று ஒரு வீட்டிலிருந்து தட்டில் வந்தால் “ஊரில் எல்லோரும் நல்லா இருக்காங்களா?” என்று மெதுவாகக் கேட்பார்கள். முறுக்கு கொடுங்கள், பிரச்சினையே இல்லை.

இதே கணக்கில் இஸ்மிர்த் தெருக்களில் இன்னொன்று பார்ப்பீர்கள். ஒரு வண்டியை நிறுத்தி, மாவு உருண்டைகளைச் சுடச்சுடப் பொரித்துப் பாகில் போட்டு, போகிற வருகிற எல்லோருக்கும் சும்மா கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது லோக்மா, பெரும்பாலும் இறந்துபோன யாரோ ஒருவர் பெயரில். நாம் போய் நிற்கலாமா என்று தயங்க வேண்டாம், வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு “அல்லா கபுல் எத்சின்” (அல்லா ஏற்றுக்கொள்ளட்டும்) என்று சொன்னால் போதும்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். செருப்பைக் கழற்றுவது நம் பழக்கம்தான், ஆனால் உள்ளே வெறுங்காலோடு நடக்க விடமாட்டார்கள், வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்து வைப்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தரையில் வெறுங்கால் வைத்தால் வயிற்று நோய் வரும் என்று இங்குள்ள பாட்டிகள் சத்தியம் செய்வார்கள், குழந்தை சாக்ஸ் இல்லாமல் வந்தால் உங்களுக்குத்தான் திட்டு விழும். உட்கார்ந்ததும் எலுமிச்சை வாசனைக் கொலோன் உள்ளங்கையில் ஊற்றுவார்கள், தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் டீ. பால் கிடையாது, கேட்டாலும் விநோதமாகப் பார்ப்பார்கள். இடுப்பு சிறுத்த கண்ணாடிக் கிளாஸ் காலியாகக் காலியாக நிரம்பிக்கொண்டே இருக்கும், போதும் என்றால் ஸ்பூனைக் கிளாஸ் வாய்க்குக் குறுக்கே வையுங்கள். இதற்கு நடுவில் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஏன் ஒரே குழந்தை என்று எல்லாமே கேட்பார்கள். ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதற்கு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு என்ன புதுசு?

உங்கள் பெண்ணை ரோட்டில் போகிறவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். “மாஷல்லா” சொல்லாமல் குழந்தையைப் புகழ மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்று நம்மைவிட அதிகமாகப் பயப்படுகிற ஜனம். திருஷ்டிக்கு மாட்டும் அந்த நீலக் கண்ணாடி மணியை இஸ்மிர் பக்கத்திலேயே, கெமால்பாஷாவில் உள்ள நசார்கோய் என்ற கிராமத்தில், சூளையில் கண்ணாடியை உருக்கிச் செய்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைக்காரரிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் சில சமயம் பதிலே வராது, புருவத்தைத் தூக்கி, மோவாயைக் கொஞ்சம் மேலே ஆட்டி ‘ட்ச்’ என்று உச்சுக் கொட்டுவார். நம் மேல் பரிதாபப்படுகிறார் என்று நினைத்து நின்றுகொண்டிருக்காதீர்கள், இல்லை என்று சொல்லிவிட்டார். நம்முடைய பக்கவாட்டுத் தலையாட்டலும் இங்கே செல்லாது. இன்னொன்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து ‘சூப்பர்’ காட்டுவோமே, அதை மறந்தும் செய்ய வேண்டாம், அசிங்கமான அர்த்தம்.

நவம்பர் 10, காலை 9:05. துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்த நேரம். சைரன் ஊதும், ஓடுகிற கார்கள் நின்று ஆட்கள் இறங்கி அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். அவரைப் பற்றிக் கிண்டல் எந்த வீட்டிலும் வேண்டாம், அவர் பெயரைக் காக்க 1951-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

சைவம் பற்றிப் பயப்படாதீர்கள், நல்ல ஊருக்குத்தான் வருகிறீர்கள். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகள் இந்த ஏஜியன் கடல் பக்கத்துச் சொத்து. ஆனால் வெளியே சாப்பிடும்போது “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் சிக்கன் வரக்கூடும், ஏனென்றால் பலர் கணக்கில் கோழி அதில் சேராது. பருப்பு சூப்பிலும் சோற்றிலும் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். புதன்கிழமை போஸ்தான்லி சந்தைக்குப் போனால் பருப்புக்கீரை கட்டுக் கட்டாகக் கிடக்கும், இவர்கள் அதைப் பச்சையாகத் தயிரும் பூண்டும் போட்டுச் சாப்பிடுகிறார்கள், நீங்கள் கடைந்துகொள்ளலாம். தயிருக்குக் குறையே இல்லை, ரவை கிடைக்கும், மசூர் பருப்பில் சாம்பார் வைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலையை மறந்துவிட வேண்டியதுதான்.

வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன் கட்டடம் எந்த வருஷம் கட்டியது என்று கேளுங்கள். 2020 அக்டோபர் 30 நிலநடுக்கத்தில் இங்கே பாய்ராக்லி பகுதியில் அடுக்குமாடிகள் சரிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், விழுந்ததில் பழைய கட்டடங்கள் அதிகம். தரகர் முகம் கோணினாலும் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் தங்கக் காசுதான் மொய், சிவப்பு ரிப்பனில் கட்டி மணப்பெண்ணுக்குக் குத்துவார்கள். வழக்கமாகக் கொடுப்பது கால் காசு, 22 காரட்டில் 1.75 கிராம். நெருக்கமில்லாதவர் வீட்டுக்குக் கவரில் பணம் வைத்தாலும் தப்பில்லை. அதே தங்கத்தை வைத்துப் பெண்கள் மாதச் சீட்டும் நடத்துகிறார்கள்: ஒவ்வொரு மாதம் ஒரு வீட்டில் கூடி, அந்த வீட்டுக்காரிக்கு எல்லோரும் ஆளுக்கொரு காசு கொடுப்பார்கள். விலை ஏறியதிலிருந்து பல இடங்களில் லிராவாகவே போடுகிறார்கள். நாலைந்து மாதம் பழகிய பிறகு உங்களையும் கூப்பிட்டால் சேர்ந்துவிடுங்கள், வகுப்பில் வராத துருக்கி அங்கே வாயில் வரும். உங்கள் முறை வரும்போது உப்பு, இனிப்பு என்று குறைந்தது நாலு பலகாரமாவது வைக்க வேண்டும், மெதுவடைக்கு இங்கே மவுசு அதிகம். உளுந்து சாதாரணக் கடைகளில் கிடைக்காது, வரும்போதே இரண்டு கிலோ பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.