தடிப்பு மறைந்த பிறகும் சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. சளியும் தொண்டை வலியும் விட்டுப் பத்து நாள் கழித்து, கால்களிலும் பிட்டத்திலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. கணுக்கால் வீங்கி நடக்கவே மறுத்தான். அம்மை என்று மாமியார் வேப்பிலை வைத்தார். நான் டெங்குவோ என்று பயந்தேன். தட்டணுக்கள் சரியாக இருப்பதாகவும், இது சிறு இரத்தக் குழாய்களின் அழற்சி என்றும் மருத்துவர் கூறினார். மூன்று வாரத்தில் எல்லாம் மறைந்துவிட்டது. ஆனாலும் ஆறு மாதம் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார். ஓடியாடும் பிள்ளைக்கு இது தேவைதானா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: தேவைதான் அம்மா, இந்நோயில் நான் மிகவும் வலியுறுத்துவதே அதைத்தான். இதன் பெயர் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ். ஹெனாக் ஷோன்லைன் பர்பூரா என்பது பழைய பெயர். குழந்தைகளுக்கு வரும் இரத்தக் குழாய் அழற்சிகளில் இதுவே மிகுதி. ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதம் நுண்ணிய குழாய்களின் சுவரில் படிந்து அழற்சியை உண்டாக்க, அங்கே இரத்தம் கசிகிறது. தோலில் கசிந்ததைத்தான் நீங்கள் புள்ளியாகக் கண்டீர்கள். கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் அது வெளிறாது. விரலால் தடவினால் சற்றே மேடாகத் தட்டுப்படும். இது தொற்றுவதில்லை; உங்கள் கவனக்குறைவாலும் வந்ததில்லை; பத்தியமும் வேண்டாம்.

இதே கசிவு சிறுநீரகத்திலும் நேரலாம்; ஆனால் அங்கே வலிக்காது, வீக்கமும் தொடக்கத்தில் தெரியாது, சிறுநீரின் நிறம்கூடப் பெரும்பாலும் மாறாது. பரிசோதனைப் பட்டையும் நுண்ணோக்கியுமே அந்த இரத்தத்தையும் புரதத்தையும் காட்டும். சிறுநீரகம் பாதிக்கப்படும் குழந்தைகளில் பலருக்கு முதல் நான்கு முதல் ஆறு வாரங்களிலும், ஏறத்தாழ எல்லோருக்கும் 6 மாதங்களுக்குள்ளும் அது தெரிந்துவிடும் என்பதால்தான் மருத்துவர் அந்தக் கெடுவைச் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் வராதே என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. கடுமையான வயிற்று வலியைத் தணிக்க அது உதவும். சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே தடுப்பதில்லை. மூட்டு வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபனை மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

விட்டுவிட்டு முறுக்கும் வயிற்று வலி, மலத்தில் இரத்தம், விரை வீக்கம், முகம் உப்புதல், கறுத்த தேநீர் நிறச் சிறுநீர் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குடலின் ஒரு பகுதி அடுத்ததற்குள் செருகிக்கொள்வதும் இந்நோயில் நேரும். காய்ச்சலோடு ஊதாப் புள்ளிகள் வேகமாகப் பரவிக் குழந்தை சோர்ந்து துவண்டால், அது இரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றாகவும் இருக்கலாம்; ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்றில் ஒரு குழந்தைக்குப் புள்ளிகள் மீண்டும் வருவதுண்டு. பெரும்பாலும் முதல் முறையைவிட லேசாகவே இருக்கும். அப்படி வந்தால் சிறுநீர்ப் பரிசோதனைக் கணக்கை மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.