மாதம் 500 பை ஓடர் வந்தால் லைன் போட வேண்டுமா?

கொட்டாஞ்சேனையில் நான்கு மெஷின்களோடு புத்தகப் பை தைக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இதுவரை கேட்பவர்களுக்குப் பத்து, இருபது என்று தைத்துக் கொடுத்தேன். இப்போது புறக்கோட்டை மொத்தக் கடைக்காரர் ஒருவர் மாதம் 500 பை கேட்கிறார். கடன் எடுத்து இன்னும் எட்டு மெஷின் வாங்கி, ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்து ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாற்றித் தைக்கும் லைன் அமைக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். முதலில் கையில் இருப்பதைக் கணக்குப் பாருங்கள். ஒரு பைக்கு 40 நிமிடத் தையல் என்று வைத்தால் 500 பைக்குச் சுமார் 333 மணி நேரம். நான்கு மெஷின், நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள் என்றால் உங்களிடம் 800 மணி நேரம் இருக்கிறது. மெஷின் போதாமல் இல்லை, வேலையை அடுக்கும் முறைதான் மாற வேண்டும்.

லைன் லாபம் தர ஒரே பொருள் மாதக்கணக்கில் மாறாமல் ஓட வேண்டும். ஃபோர்ட் 1913இல் நகரும் லைன் போட்டு, காரின் அடிச்சட்டத்தைப் பூட்டும் வேலையைப் பன்னிரண்டரை மணியிலிருந்து சுமார் ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அங்கே ஓடியது மாடல் டி என்ற ஒரே கார். புத்தகப் பை அப்படியில்லை. பாடசாலை தொடங்கும்போது நன்றாக ஓடும், அப்புறம் மந்தமாகிவிடும். அந்த மாதங்களிலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் முதலாளி பங்காகக் கட்ட வேண்டும். லைனில் ஒருவர் வராவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் வேலை நிற்கும் என்பதையும் யோசியுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது தொகுதி தொகுதியாகத் தைப்பது, அதாவது ஒரு மாடலில் ஒரு தடவைக்கு இத்தனை பை என்று தைத்து முடித்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போவது. எத்தனை பைக்கு ஒரு தொகுதி? ஒரு மாடலிலிருந்து இன்னொன்றுக்கு மாற, அதாவது துணி விரித்து, அச்சு வைத்து, நூலும் சிப்பும் மாற்ற, 2 மணி நேரம் போகிறது என்று வைப்போம். 20 பை தைத்தால் ஒரு பையின் மேல் 6 நிமிடம் ஏறும். 100 பை என்றால் 1.2 நிமிடம்தான். 500 என்றால் கால் நிமிடம். ஆக, 100ஐத் தாண்டினால் மிச்சப்படுவது பைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. துணியில் முடங்கும் காசோ ஐந்து மடங்கு. சிறு தொழில்கள் மூச்சு முட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் 100, 150 என்று தையுங்கள்.

அந்த 2 மணி நேரத்தையும் குறைக்கலாம். ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ, டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் மெஷினில் 4 மணி எடுத்த அச்சு மாற்றத்தை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களை அப்போதே முடித்துவிடுவதுதான் அவருடைய வழி. அடுத்த மாடலின் துணியை இன்றே வெட்டி, நூல், சிப், கொக்கி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு வையுங்கள். மாற்றம் அரை மணிக்கு வந்தால் 20 பை ஓடருக்கும் பைக்கு ஒன்றரை நிமிடம்தான் ஏறும்; பழைய வாடிக்கையாளர்களையும் விட வேண்டியதில்லை.

கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: 500இல் எத்தனை மாடல், காசு எத்தனை நாளில் வரும். ஒரே மாடல் ஆறு மாதம் தொடர்ந்து ஓடி, நான்கு மெஷினும் முழு நேரமும் நிரம்பினால், எந்த வேலையில் பைகள் தேங்குகின்றன என்று பார்த்து, அந்த இடத்துக்கு ஒரே ஒரு மெஷின் வாங்குங்கள்.