கேற்றிலிருந்து பெல் வரைக்கும்

இந்த மாதம் ஒரே கடிதம் பக்கத்தின் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. தொழில் பகுதிக்கு எழுதின மற்றவர்கள் கோவிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணை, எனக்கு 34 வயது. லண்டன் சவுத் ஹரோவில் இருக்கிறேன். ஏழு வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்து அலுத்துப்போய், போன பங்குனியில் பழைய வான் ஒன்று, தண்ணீர் டாங்கி, போல் (நுனியில் தூரிகை உள்ள, தண்ணீர் வருகிற நீட்டுத் தடி) எல்லாம் வாங்கி யன்னல் துடைக்கிற தொழிலைத் தொடங்கினேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் வீடுவீடாகக் கதவு தட்டி ஆள் பிடிக்கிறதுதான் முடியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது. போன கிழமை ரிக்மன்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுப் பெல்லை அமத்திவிட்டு, உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பி ஓடிவிட்டேன். அந்தப் பெல்லில் கமரா வேறு. இப்போது கதவு தட்டுகிறதை விட்டுவிட்டு லெட்டர் பொக்ஸுக்குள் விளம்பரத் துண்டு மட்டும் போடுகிறேன். 600 போட்டு இரண்டு பேர்தான் கோல் எடுத்தார்கள். மொத்தம் 19 வீடு: ரிக்மன்ஸ்வர்த்தில் 11, அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் 8. என்னுடைய இங்கிலீஷும் பெரிதாக இல்லை. இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்கள்.

மறுமொழி: தம்பி, ஓடினவர் நீர் ஒருவர் இல்லை. நான் ஓடின காலத்தில் பெல்லில் கமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2001 சித்திரை மாதம். கென்டனில் ஒரு தெரு. தோளில் ஏணி, கையில் வாளி, வாளிக்குள் ஸ்குவீஜி, அதுதான் கண்ணாடியில் தண்ணீரை வழிக்கிற ரப்பர்ப் பட்டி. மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கின வசனத்தோடு போய் முதல் கதவைத் தட்டினேன். சாப்பாட்டுத் தட்டோடு ஒரு வெள்ளைக்காரர் திறந்தார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில் வாயில் வந்தது, "இது 42ஆம் நம்பரோ?" என்ற கேள்வி. "24" என்றார். கதவில் பித்தளையில் பெரிதாக 24 என்று அடித்திருந்தது. ஏணியும் வாளியுமாக நின்று நம்பர் கேட்டவனை அந்த மனிதன் என்னென்று நினைத்திருப்பாரோ. நன்றி சொல்லிவிட்டு வந்து, அந்தத் தெருவில் வேறு ஒரு கதவையும் தட்டாமல் வீட்டுக்குப் போனேன். மனுசி எத்தனை வீடு என்று கேட்டா. மழை வந்துவிட்டது என்றேன். நல்ல வெயில்.

முதலில் கைவைத்தியம் ஒன்று சொல்கிறேன். பயம் கதவு திறந்த பிறகு வருகிறதில்லை, கவனித்துப் பாரும். கேற்றிலிருந்து பெல் வரைக்கும் நடக்கிற அந்தப் பத்து அடியில்தான் வருகிறது. அந்தப் பத்து அடியில் மனத்துக்கு வேறு வேலை கொடுக்கவேண்டும். யன்னலை எண்ணும். கீழே வளைந்த பே யன்னலில் எத்தனை கண்ணாடி, மேலே எத்தனை, கதவுக்குப் பக்கத்தில் நீட்டுக் கண்ணாடி இருக்கோ, ஈயப்பட்டி போட்ட சின்னச் சதுரங்களோ, பக்கவாட்டால் பின்பக்கம் போக வழி இருக்கோ, கண்ணாடி அறை கட்டியிருக்கினமோ. எண்ணி முடிக்கிறபோது விலையும் மனத்தில் வந்துவிடும், பெல்லும் வந்துவிடும். நடுங்க நேரம் இராது. அதோடு, கதவு திறந்தவுடன் "உங்கட வீட்டுக்கு 16 பவுண்" என்று தயங்காமல் சொல்ல முடியும். விலையில் தடுமாறுகிறவனைத்தான் சனம் சந்தேகத்தோடு பார்க்கும்.

பெல்லை அமத்தினதும் இரண்டு அடி பின்னால் வந்து நில்லும். கதவோடு ஒட்டி நின்றால் திறக்கிறவர் பயப்படுவார். அவர் பயந்தால் உமக்கும் பயம் கூடும். கையில் ஸ்குவீஜியோ போலின் தூரிகையோ இருக்கட்டும். உம்முடைய இங்கிலீஷைவிட அது தெளிவாகப் பேசும்.

இங்கிலீஷ் என்று எழுதியிருக்கிறீர். நான் 24 வருடமாக அதே நாலு வசனத்தைத்தான் சொல்கிறேன். 26ஆம் நம்பரின் யன்னலை நான்தான் துடைக்கிறேன். நாளைக்கு இந்தத் தெருவுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இவ்வளவு. நாலு கிழமைக்கு ஒருமுறை, வேண்டாமென்றால் எப்போதும் நிறுத்தலாம். இதில் முதல் வசனம்தான் முக்கியம். பக்கத்து வீட்டை ஏற்கெனவே செய்கிறவன் அந்நியன் இல்லை. ஆகவே ஒரு வீட்டைத் துடைத்த கையோடு அதன் இரண்டு பக்கமும் முன்னாலும் தட்டும். வான் நிற்கிறது, போல் நனைந்திருக்கிறது, பக்கத்துக் கண்ணாடி பளபளக்கிறது. நீர் பொய் சொல்லவில்லை என்பது அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

"சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரோ?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்காக நான் காத்திருப்பேன். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு, கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கண்ணாடியிலும் புள்ளி விடுகிறது, நான் அதை வடித்து எடுக்கிறேன், தண்ணீரில் கரைந்திருக்கிறதை அளக்கிற மீற்றர் பூச்சியம் காட்டினால்தான் வானில் ஏற்றுவேன் என்று சொல்லத் தொடங்கினால் என்னை நிறுத்துகிறது கஷ்டம். உமக்கும் இது தெரிந்திருக்கும். தெரிந்த விசயத்தைப் பேசுகிறபோது யாருக்கும் கை நடுங்காது.

"எங்களுக்கு ஆள் இருக்கு" என்பதுதான் அதிகம் கேட்கப்போகிற பதில். அதற்கு வாதாட வேண்டாம். "அவர் வராமல் விட்டால் கூப்பிடுங்கோ" என்று ஒரு கார்ட். இந்தத் தொழிலில் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது சாதாரணம். என்னிடம் இருக்கிற நல்ல வீடுகளில் பாதி, வேறொருவன் வராமல் விட்ட வீடுகள்.

கணக்கு வைக்கிறதென்றால் தட்டின கதவை எண்ணும், கிடைத்த வீட்டை எண்ணாதையும். என் பழைய கொப்பியில் ஒரு வியாழக்கிழமை: 40 கதவு, திறந்தது 17, விலை கேட்டது 3, சரி என்றது 1. இன்னொரு நாள் 40க்கு 5. என்ன வித்தியாசம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சட்டைகூட அதே சட்டை. நேரம் மட்டும் கவனிக்கவேண்டும். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். இருட்டின பிறகு தனியாக இருக்கிற வயதானவர்களின் பெல்லை அமத்துகிறது பாவம். வெயில் காலத்தில் பின்னேரம் ஐந்திலிருந்து ஏழரை, சனிக்கிழமை பத்து மணிக்குப் பிறகு. இங்கிலாந்து கால்பந்து விளையாடுகிற அன்றைக்கு வீட்டில் இரும்.

இவ்வளவும் கைவைத்தியம். உம்முடைய கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இருக்கிறது சவுத் ஹரோ. தட்டப் போகிறது ரிக்மன்ஸ்வர்த்தும் அக்ஸ்பிரிட்ஜும். உம்முடைய வீட்டு வாசலில் இருந்து ரேய்னர்ஸ் லேன் வரைக்கும் 1930களில் கட்டின அரைவீடுகள் (இரண்டிரண்டாக ஒரு சுவரில் ஒட்டின வீடுகள்) வரிசை வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் பே யன்னல். யன்னல் துடைக்கிறவனுக்கு அது நெல்வயல். அதை விட்டுவிட்டு ஏன் தம்பி அவ்வளவு தூரம்? நீர் காரணம் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.

நானும் ஒன்றரை வருடம் தமிழாக்கள் இருக்கிற தெருப்பக்கம் போகவில்லை. வெள்ளைக்காரன் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், அவனை நான் கலியாணவீட்டில் காணப்போவதில்லை. ஆனால் எங்கட ஒருவர் திறந்துவிட்டால்? சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், கோயில் தேரில், அந்தியேட்டியில் அதே முகம் வரும். வாசல் நிலையில் பிளாஸ்டிக் மாவிலை தொங்கினால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவேன். வெளியே செருப்புக் குவிந்திருந்தாலும் அப்படித்தான். ஊரில் நான் வங்கியில் வேலை பார்த்தவன். அந்த நினைப்பு ஏணியைவிடப் பாரம்.

கடைசியில் ஒரு நாள் பிடிபட்டேன். மாவிலையும் இல்லை, செருப்பும் இல்லை, ஒரு அடையாளமும் இல்லாத வீடு. திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர் தபால்கந்தோரடி மாஸ்டரின்ர மகன் எல்லோ?" என்றார். எங்கட ஊர் மனிதர். வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்; ஏணியை எங்கே மறைக்கிறது? அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு எடுக்கிறீர்?" என்றார். எட்டுப் பவுண் என்றேன். "தமிழாக்களுக்கும் அதுதானோ?" என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றரை வருடம் நான் பயந்த மரியாதைப் பிரச்சினை அந்த மனிதருக்கு ஒரு பவுண் பிரச்சினையாக இருந்தது. ஏழுக்கு ஒத்துக்கொண்டேன். (பிழை. ஒருவருக்குக் குறைத்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். நீர் குறைக்க வேண்டாம்.) அவரின் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. அவரால் இன்னும் மூன்று வீடு வந்தது.

பின்னால் கதைத்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். "வங்கியில் இருந்தவர், இப்ப யன்னல் துடைக்கிறாராம்" என்று ஒரு கலியாணவீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது ஒரு கிழமை வலித்தது. பிறகு நாலாவது கிழமை வழக்கம்போல ரவுண்டுக்கு, அதுதான் வாடிக்கை வீடுகளைச் சுற்றித் துடைக்க, போனேன்.

உணர்ச்சியை விடும், காசைப் பாரும். சவுத் ஹரோவிலிருந்து ரிக்மன்ஸ்வர்த் போய், அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வானை எடுத்து, நிறுத்த இடம் தேடி, ஹோஸை இழுத்துச் சுருட்டி... 15 பவுண் வீடு ஒன்று உமக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். ஒரே தெருவில் எட்டு வீடு இருந்தால் வானை இரண்டு தரம் நிறுத்தினால் போதும், அதே முக்கால் மணித்தியாலத்தில் மூன்று வீடு முடியும். ரவுண்ட் நெருக்கமாக இருந்தால்தான் இந்தத் தொழிலில் காசு. எங்கட ஆக்களுக்கு ஒளிக்கிறதுக்காக நீர் ஒவ்வொரு நாளும் டீசல் ஊற்றுகிறீர்.

வருகிற சனிக்கிழமை உம்முடைய சொந்தத் தெருவில் தொடங்கும். முதலில் உம்முடைய வீட்டு யன்னலைத் துடையும், தெருவில் வானை நிறுத்தி, ஆட்கள் பார்க்கிற நேரத்தில். பிறகு முன்வீடு. மாவிலை தொங்கினால் தாண்டாதையும்.

கேள்வி: "வாசல் வியாபாரிகள் வேண்டாம்" என்று கதவில் ஒட்டியிருந்தால் தட்டலாமா? இந்தத் தொழிலுக்கு லைசன்ஸ் வேண்டுமா? (வெம்பிளியிலிருந்து ஒருவர்)

மறுமொழி: தட்டக் கூடாது. சில தெருக்களில் விளக்குக் கம்பத்திலேயே அப்படி எழுதியிருக்கும். அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் யன்னல் துடைக்க லைசன்ஸ் தேவையில்லை. ஸ்கொட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சிலிடம் எடுக்கவேண்டும். எங்கே செய்தாலும் காப்புறுதி எடுங்கள். போல் தவறி ஒருவரின் கார்க் கண்ணாடியில் விழ ஒரு செக்கன் போதும். எனக்கு விழுந்தது.

கேள்வி: லண்டனில் சில பழைய வீடுகளில் யன்னல் இருக்கவேண்டிய இடத்தைச் செங்கல்லால் அடைத்திருக்கிறார்கள். ஏன்? (ரூட்டிங்கிலிருந்து ஒரு சகோதரி)

மறுமொழி: 1696இலிருந்து 1851 வரைக்கும் இங்கே யன்னலை எண்ணி வரி வாங்கினார்கள். வரியைக் குறைக்கப் பலர் யன்னலை அடைத்தார்கள். எல்லாம் அதனால் இல்லை; வீட்டின் முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டுமென்று கட்டும்போதே பொய் யன்னல் வைத்ததும் உண்டு. சிலதில் சட்டமும் கண்ணாடியும் இருக்கிற மாதிரிக் கறுப்பு, வெள்ளை மையால் கீறியிருப்பார்கள். அப்படி ஒன்றை நானும் எண்ணி ஏழு யன்னலுக்கு விலை சொன்னேன். வீட்டுக்கார அம்மா என்னைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "திரும்ப எண்ணும்" என்றா.