கேளுங்க அண்ணாச்சி: ஃபோனுக்குள்ள ஒரு சபை

இந்த மாசம் வந்த கேள்விய எல்லாம் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். ஜெபக் குரூப்பு, கூகுள் மீட்டு, யூடியூப் பிரசங்கம், அதுக்குக் கீழ நடக்கிற சண்டை. சரி, மத்த கேள்விக்கெல்லாம் அடுத்த மாசம் வாறேன், இத முடிச்சிருவோம்.

அண்ணாச்சி, நான் பொறந்தது நாகர்கோவில் பக்கம், கட்டிக் கொடுத்தது பாறசாலை தாண்டி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாம் மலையாளம், பேசினா புரியும், ஆனா அச்சன் பிரசங்கம் வேகம் பிடிச்சா பாதி போயிருது, பாட்டுப் புஸ்தகம் வாசிக்கவே வராது. தமிழ் ஜெபக் குரூப்பு நாலு இருக்கு வாட்ஸப்ல, விடிஞ்சா பூ படம் போட்ட வசனமா வந்து குமியுது. உக்காந்து வேதத்தப் பத்திப் பேசுற ஆளுங்க எங்க கிடைப்பாங்க?
(வாசகி, பாறசாலை)

தங்கச்சி, அந்த நாலுல மூணுல இருந்து இன்னைக்கே வெளிய வாங்க. சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்கன்னா மியூட்ல போட்டுட்டு பேசாம இருங்க. மிச்சம் ஒண்ணுல, உங்க வயசுல நாலு பேரு இருப்பாங்கல்ல, அவங்ககிட்ட தனியா கேளுங்க. பழைய ஞாயிறு பள்ளி கூட்டாளி ஒருத்தி துபாய்ல நர்ஸா இருப்பா, ஒருத்தி கோயம்புத்தூர்ல இருப்பா, அவங்களுக்கும் இதே பசிதான். நமக்கு ராத்திரி 9 மணின்னா துபாய்ல ஏழரை, ரெண்டு பக்கமும் தோதான நேரம். எட்டு பேரு இருந்தா போதும், அம்பது பேரு ஆச்சுன்னா ரெண்டு பேரு பேசுவாங்க, மத்தவங்க கேமராவ ஆஃப் பண்ணிட்டு மீன் கழுவப் போயிருவாங்க.

புதுசா ஒரு குரூப்புல சேருறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இந்த வாரம் எந்தப் பகுதி வாசிக்கிறீங்க?" இன்ன புஸ்தகம் இன்ன அதிகாரம்னு பதில் வந்தா சேருங்க. "ஆவியானவர் நடத்துறபடி"ன்னு வந்தா நல்ல மனுஷங்களா இருப்பாங்க, ஆனா நீங்க தேடுறது அங்க இல்ல. முதல்ல யோனா எடுங்க, நாலே அதிகாரம், 48 வசனம், நாலு வாரத்துல முடியும், அந்த நாலாவது அதிகாரத்துல கடவுள்கிட்ட ஒரு தீர்க்கதரிசி மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதப் பத்தி மட்டுமே ரெண்டு மணி நேரம் பேசலாம். இல்லாட்டி பிலேமோன், மொத்தமே 25 வசனம், ஓடிப்போன அடிமையத் திருப்பி அனுப்புற லெட்டரு, சாதி தெரிஞ்ச நம்ம ஊர்ல அத வாசிச்சா பேச்சு தன்னால வரும்.

இன்னொண்ணு, உங்க சர்ச்சு சி.எஸ்.ஐ.ன்னா (தென்னிந்தியத் திருச்சபை), அதோட தலைமை சபையான சினட் போடுற அல்மனாக்ல, அதாவது வருஷக் காலண்டர்ல, ஒவ்வொரு ஞாயிறுக்கும் என்ன தலைப்பு, என்ன பாடம்னு இருக்கும். சனிக்கிழமை ராத்திரி உங்க தமிழ்க் கூட்டத்துல அதே பகுதிய வாசிச்சுட்டுப் போங்க. மறுநாள் அச்சன் மலையாளத்துல எவ்வளவு வேகமாப் போனாலும் எங்க நிக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியும், பக்கத்துல இருக்கிறவங்களோட பேசவும் ஒரு விஷயம் இருக்கும். தமிழ்க் குரூப்பு கிடைச்சிருச்சுன்னு அந்தச் சர்ச்ச மட்டும் விட்டுராதீங்க, பிள்ளைங்க வளரப்போறது அங்கதான்.

கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுல இருந்து யூடியூப்ல ஆராதனை பாக்கிறவங்கள எங்க ஐயர் (சர்ச்சு போதகர்) பிரசங்கத்துல போட்டு வாங்குறாரு, "சபை கூடிவருதலை விட்டுவிடாமல்"னு. எனக்கு முட்டு தேஞ்சு போச்சு, படி ஏற முடியல. நான் பாக்கிறது ஐக்கியம் இல்லையா?
(வாசகர், 74 வயசு, குழித்துறை)

ஐயா, ஐயர் சொல்ற எபிரெயர் 10:25 உங்கள மாதிரி முட்டு தேஞ்சவங்களுக்குச் சொன்னது இல்ல, வரமுடிஞ்சும் வராதவங்களுக்கு. தூரத்துல இருந்தே ஐக்கியம் வச்சுக்கிறது ஃபோன் வந்த பிறகு வந்த பழக்கமும் இல்ல. கொலோசெயருக்கு எழுதின லெட்டர லவோதிக்கேயா சபையிலயும் வாசிங்க, அங்க உள்ளத நீங்க வாங்கி வாசிங்கன்னு பவுல் சொல்றாரு (4:16), அந்தக் காலத்து ஃபார்வர்டு அதுதான். ரோமர் கடைசில, லெட்டர எழுதிக் கொடுத்த தெர்தியு நடுவுல புகுந்து தன் பங்குக்கு ஒரு வணக்கம் போடுறாரு பாருங்க, 16:22, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

ஆனா ரெண்டாம் யோவான் 12-ஐயும் வாசிச்சிருங்க. "காகிதத்தினாலும் மையினாலும்" எழுத மனசில்ல, வந்து "முகமுகமாய்" பேசணும்னு எழுதுறாரு, அதையும் காகிதத்துலதான் எழுதுறாரு! லெட்டரு வேணும், லெட்டரு போதாது, ரெண்டும் அவருக்குத் தெரியும். திருவிருந்த, அந்த அப்பத்தையும் ரசத்தையும், வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுக்கச் சொல்லி ஐயருக்குச் சொல்லி அனுப்புங்க, படுத்தவங்களுக்கும் முடியாதவங்களுக்கும் அது வழக்கத்துல உள்ளதுதான். வீட்டுக்கு வந்து உங்க முட்டப் பாத்தாருன்னா பிரசங்கம் கொஞ்சம் மாறும்.

எங்க குரூப்புல அட்மின் ஒரு மெசேஜ் போட்டாரு, "புது பைபிள்ல 1 யோவான் 5:7-ஐ வெட்டிட்டாங்க, திரித்துவத்த அழிக்க சதி, கத்தோலிக்கங்க வேலை"ன்னு. நானும் திருவிவிலியத்த எடுத்துப் பாத்தேன், நெசமாவே அந்த வரி இல்ல. பயமா இருக்கு.
(வாசகர், களியக்காவிளை)

பயப்படாதீங்க மக்களே, இது ஐநூறு வருஷப் பழைய பஞ்சாயத்து.

நம்ம பழைய பைபிள்ல அந்த இடத்துல பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவின்னு பரலோகத்துல மூணு சாட்சி சொல்லி, "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்"னு வரும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிறதுதான் திரித்துவம், அதுக்கு நேரா உக்காந்த வரி இது. 4-ம் நூற்றாண்டுக் கிரேக்கச் சுவடிகளான சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ரெண்டுலயும் இந்த வரி கிடையாது. பழைய கிரேக்கச் சுவடி எதுலயும் இல்ல, லத்தீன் பக்கந்தான் ஓரக் குறிப்பு மாதிரி வந்து மெள்ள மெள்ள உள்ள ஏறினது. எராஸ்மஸ்ங்கிற அறிஞர் 1516-லயும் 1519-லயும் கிரேக்கப் புதிய ஏற்பாட்ட அச்சுல போட்டப்ப கிரேக்கத்துல இல்லன்னு விட்டுட்டாரு. உடனே கூச்சல், இன்னைக்கு உங்க அட்மின் போட்ட அதே கூச்சல்தான். அப்புறம் இந்த வரி இருக்கிற ஒரு கிரேக்கச் சுவடியக் கொண்டு வந்து காட்டினாங்க, அதுவும் அவரு காலத்தையொட்டி புதுசா எழுதினது, அவரும் 1522 பதிப்புல சேத்துட்டாரு. அந்த வழியா வந்த மூலத்த வச்சுத்தான் 1611 இங்கிலீஷ் பைபிளு வந்துச்சு, நம்ம பழைய தமிழ் பைபிள்லயும் அந்த வரி உக்காந்துக்கிச்சு.

இப்ப சதின்னு சொல்றவருக்கு ரெண்டு விஷயம் காட்டுங்க. சீர்திருத்த சபைக்கு வழி போட்ட லூத்தர் உயிரோட இருந்த வரைக்கும் அவரோட ஜெர்மன் பைபிள்ல இந்த வரி கிடையாது. கத்தோலிக்கங்களோட பழைய லத்தீன் பைபிள்ல இந்த வரி உண்டு. அப்ப யாரு வெட்டினது? 1995-ல வந்த திருவிவிலியமும் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபைக்காரங்களும் சேந்து செஞ்ச பொது மொழிபெயர்ப்பு, ஒரு தரப்பு உக்காந்து வெட்டி ஒட்டினது இல்ல.

திரித்துவம் என்ன ஆகும்னு கேப்பீங்க. 325-ல நிக்கேயாவுல கூடின சபைத் தலைவர்களுக்கு, குமாரன் படைக்கப்பட்டவர்னு சொன்ன ஆரியஸ் ஆளுங்களோட அவ்வளவு பெரிய சண்டை நடந்துச்சே, அங்கயும் சரி அதுக்குப் பிறகு நடந்த வாதத்துலயும் சரி, கிரேக்கப் பிதாக்கள், அதாவது அந்தக் காலத்து கிரேக்க சபை ஆசிரியர்கள், இந்த வரியக் காட்டி வாதாடல. கையில இருந்திருந்தா முதல் வேலையா தூக்கிப் போட்டிருப்பாங்கல்ல. அவங்க நின்னது யோவான் முதல் அதிகாரம், மத்தேயு 28:19, இந்த மாதிரி இடத்துல. அதெல்லாம் உங்க ரெண்டு பைபிள்லயும் அப்படியேதான் இருக்கு.

அட்மினுக்கு இத குரூப்புல வச்சுப் போடாதீங்க, தனியா அனுப்புங்க. ஆளு முன்னாடி தோத்தவன் ஒருநாளும் ஒத்துக்க மாட்டான், அதுவும் அட்மினா இருந்தா உங்கள ரிமூவ் பண்ணிட்டுத்தான் மறு வேலை.

அண்ணாச்சி, ஃபோன்ல வார "ஆமென் டைப் பண்ணுங்க, 7 நிமிஷத்துல நல்ல செய்தி வரும்" மெசேஜுக்கு ஆமென் போடணுமா?
(மாணவி, அருமனை)

வேண்டாம். பரீட்சைக்குப் படிங்க.

நாங்க மலங்கரை கத்தோலிக்க சபை. யூடியூப்ல கமெண்டு போட்டா "நீங்க அசல் கத்தோலிக்கங்க இல்ல, குர்பானா (எங்க திருப்பலி) வேற மாதிரி இருக்கே"ன்னு லத்தீன் முறைக் கத்தோலிக்கப் பையன்களே கலாய்க்கிறானுங்க. என்ன சொல்லணும்?
(இளைஞர், மார்த்தாண்டம்)

1930 செப்டம்பர் 20-ம் தேதி, கொல்லத்துல, ஆயர் மார் இவானியோஸோட சேத்து மொத்தம் அஞ்சு பேரு ரோமோட, அதாவது போப்போட, ஒன்றிப்புக்கு வந்தாங்க, அதுல இருந்து வளர்ந்ததுதான் மலங்கரை கத்தோலிக்க சபை. வழிபாட்டு முறை அந்தியோக்கியா வழி, மேற்கு சிரியாக்கு. லத்தீன் முறையும் ஒரு முறை, அவ்வளவுதான், ரோமோட ஒன்றிப்புல இருக்கிற கிழக்கு சபைங்க மட்டும் 23. நம்ம குமரி மாவட்டத்துலயே பாருங்க, மார்த்தாண்டத்துல மலங்கரை, தக்கலைல இன்னொரு கிழக்கு சபையான சீரோ மலபார், ரெண்டு மறைமாவட்டமும் 1996-ல வந்தது. லத்தீன் குழித்துறை மறைமாவட்டம் கோட்டாறுல இருந்து பிரிஞ்சது 2014-ல. இதச் சொல்லியும் கலாய்ச்சானுங்கன்னா ஒரு ஞாயித்துக்கிழமை குர்பானாவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பொறவு மார்த்தாண்டம் ஜங்ஷன்ல ஆளுக்கொரு பரோட்டா வாங்கிக் கொடுங்க. கமெண்டுல ஜெயிக்கிற விஷயம் இல்ல இது.

நான் சி.எஸ்.ஐ., வீட்டுக்காரி பெந்தெகொஸ்தே. குழந்தை பொறந்திருக்கு. இப்பவே ஞானஸ்நானம் கொடுக்கலாமா, வளர்ந்து அதுவா எடுக்கட்டுமான்னு குடும்பக் குரூப்புல மச்சான் தினமும் ஒரு வீடியோ போடுறான், நானும் பதிலுக்கு ஒரு வீடியோ தேடிப் போடுறேன். வீட்டுல சோறு தண்ணி சரியில்ல.
(வாசகர், நெய்யாற்றின்கரை)

முதல்ல வீடியோ போடுறத நிறுத்துங்க தம்பி. வீடியோல பேசுறவன் உங்க மச்சானுக்குப் பதில் சொல்லல, அவனுக்குத் தேவையான வியூஸுக்குப் பேசுறான்.

ரெண்டு பக்கமும் சரக்கு இருக்கு, அத முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணும். அப்போஸ்தலர் 16-ல லீதியாளும் அவ வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனோட எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தாங்கன்னு இருக்கு, வீட்டுல குழந்தை இருந்துச்சா இல்லையான்னு எழுதல, நீங்க இருந்துச்சும்பீங்க, மச்சான் இல்லைம்பான். ரொம்பப் பழைய சபை ஒழுங்கு நூல் ஒண்ணு, திதாக்கேன்னு பேரு, ஓடுற தண்ணில கொடு, அது இல்லன்னா வேற தண்ணி, அதுவும் இல்லன்னா தலைல மூணு தடவ ஊத்துன்னு சொல்லுது, எடுக்கிறவன் முன்னாடியே உபவாசம் இருக்கணும்னும் சொல்லுது. பச்சப்புள்ள உபவாசம் இருக்குமான்னு மச்சான் கேப்பான், நியாயந்தான். ஆனா மூழ்கினாத்தான் செல்லும்னா ஊத்துறதுக்கு ஏன் இடம் கொடுத்திருக்குன்னு நீங்க கேக்கலாம். கி.பி. 200 வாக்குல வட ஆப்பிரிக்கா கார்த்தேஜ்ல தெர்த்துல்லியன்ங்கிற சபை எழுத்தாளர் குழந்தைங்களுக்கு அவசரப்படாதீங்க, தள்ளிப் போடுங்கன்னு எழுதுறாரு. இத ரெண்டு பேருமே தூக்கலாம், தள்ளிப் போடச் சொன்னாருன்னு அவன், அப்பவே குழந்தைக்குக் கொடுக்கிற பழக்கம் இருந்திருக்குன்னு நீங்க. 1525 ஜனவரில சுவிட்சர்லாந்து சூரிச்ல கொஞ்சம் பேரு, குழந்தைல எடுத்தது செல்லாதுன்னு பெரியவங்களாகி மறுபடி எடுத்தாங்க, அதுக்கு ஆளுங்கள ஆத்துல முக்கிக் கொன்ன கொடுமையும் பின்னால நடந்துச்சு. அந்த அளவுக்குப் போன விஷயத்த நீங்க மூணு நிமிஷ வீடியோல முடிக்கப் பாக்கிறீங்க.

சி.எஸ்.ஐ.ல குழந்தை ஞானஸ்நானமும் உண்டு, வளர்ந்து விசுவாச அறிக்கை செஞ்சு எடுக்கிறதுக்கும் இடம் உண்டு, ஒரு தடவ எடுத்தத மறுபடி எடுக்கிறதுக்குத்தான் இடம் இல்ல. அதனால பொறுத்திருந்தாலும் உங்க சபையோட முறைக்கு வெளிய போயிர மாட்டீங்க. ஆனா முடிவு எடுக்க வேண்டியது நீங்களும் உங்க வீட்டுக்காரியும், பேசுறது ராத்திரி பிள்ளை உறங்கின பிறகு, ஃபோன எடுத்து அடுத்த ரூம்ல வச்சுட்டு. மச்சானுக்கு முடிவச் சொன்னா போதும்.

ஆன்லைன் உபவாச ஜெபத்துல ஒரு பிரதர் என் பேரச் சொல்லி தீர்க்கதரிசனம் சொன்னாரு, அப்புறம் கொடுத்தா பல மடங்கா திரும்பி வருமாம், விதை காணிக்கைன்னு க்யூ.ஆர். கோடு அனுப்புறாரு.
(வாசகி, கொல்லங்கோடு)

உங்க பேரு ஸ்கிரீன்லயே எழுதியிருக்கும்மா, அதுக்குத் தீர்க்கதரிசனம் வேண்டாம். ரசீது, டிரஸ்ட் பதிவு, கணக்கு இதெல்லாம் கேளுங்க, கேட்டதும் சாபம் விட்டாருன்னா பிளாக் பண்ணுங்க. நமக்குப் பணம் வரணும்னா க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணவோ பின் நம்பர் போடவோ வேண்டிய தேவையே இல்ல, அதையும் மனசுல வச்சுக்கோங்க. ஏற்கெனவே ஏமாந்திருந்தா 1930-க்கு உடனே ஃபோன் போடுங்க, சைபர் குற்றத்துக்கான நம்பரு.

மூணாறு எஸ்டேட் லயத்துல இருக்கோம். ஜூம் பைபிள் ஸ்டடில சேந்தா ரேஞ்சு போயிப் போயி வருது, பேசுறதுல பாதி கேக்கவே மாட்டேங்குது.
(வாசகர், மூணாறு)

வீடியோவ விடுங்க. பகுதிய மூணு நாள் முந்தியே சொல்லச் சொல்லுங்க, பைபிள் ஆப்புல தமிழ் ஆடியோவ டவுனுக்குப் போறப்ப இறக்கி வச்சுக்கிட்டா கொழுந்து பறிக்கையிலயும் கேக்கலாம். கேள்விய வாய்ஸ் நோட்டாப் போடுங்க, ரேஞ்சு வாறப்ப தானாப் போகும், அவங்க பதிலும் அதே மாதிரி வரும். நேர்ல கேக்கிற கேள்விய விட யோசிச்சுப் போடுற வாய்ஸ் நோட்டு பல நேரம் நல்லாவே இருக்கு. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க, அவ்வளவுதான்.

குரூப்புல பேசிப் பேசி முறையா இறையியல் படிக்கணும்னு ஆசை வந்திருச்சு. வேலைய விட முடியாது. ஆன்லைன்ல ஆறு மாசத்துல டாக்டர் பட்டம் தாறோம்னு விளம்பரம் வருது, சேரலாமா?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

ஆறு மாசத்துல எருமை கூட கன்னு போடாது, டாக்டர் பட்டம் எப்படி வரும்? நம்ம பக்கம் பேருக்கு முன்னால ரெவரெண்ட் டாக்டர் போட்டிருக்கிற போஸ்டருல பாதிப் பேரு எங்க படிச்சாங்கன்னு யாரும் கேக்கிறதில்ல, அதனாலதான் கடை ஓடுது.

வங்காளத்துல இருக்கிற செராம்பூர் காலேஜ் 1818-ல கேரி, மார்ஷ்மன், வார்டு மூணு மிஷனரிகளும் ஆரம்பிச்சது, 1827-ல டென்மார்க் ராஜா பட்டம் கொடுக்கிற சாசனம் கொடுத்தாரு, அப்ப அந்த ஊரு நம்ம தரங்கம்பாடி மாதிரி டேனிஷ்காரங்க கையில இருந்துச்சு. அந்தச் சாசனத்துல நின்னு பட்டம் கொடுக்கிற அமைப்பான செராம்பூர் செனட்டோடதான் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், திருவனந்தபுரம் கண்ணம்மூலை செமினாரியும் இணைஞ்சிருக்கு. வேலைல இருக்கிறவங்க வெளிய இருந்தே படிக்கிற கிறிஸ்தவப் படிப்புகளும் செனட்டு நடத்துது. இந்த வருஷம் என்ன பாடம், எந்த மொழில பரீட்சை, எவ்வளவு ஃபீஸ்னு அவங்ககிட்டயே கேட்டுருங்க, இடைல ஏஜெண்டு யாரும் வேண்டாம். உங்களுக்கு அரசரடி பக்கமா கண்ணம்மூலை பக்கமான்னு பாத்தா, தமிழ்ல படிக்கணும்னா அரசரடிக்கே ஃபோன் போடுங்க.