வாசகர் கேள்வி பதில்: குலம் செயல்படுகிறது என்றால்...

கேள்வி: அண்ணாச்சி, ஒரு கணத்தின் (செட்) மேல் குலம் (குரூப்) செயல்படுவது தெரியும். டிரைவ்டு கேட்டகரி (பொருள்களும் அவற்றுக்கு இடையே அம்புகளும் கொண்ட ஒருவகை அமைப்பு) மேலும் குலம் செயல்படும் என்கிறார்களே, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்டரை (பொருள்களையும் அம்புகளையும் சேர்த்து அனுப்பும் விதியை) கொடுத்துவிட்டால் போதாதா?
– எம்.எஸ்ஸி. மாணவர், பாளையங்கோட்டை

பதில்: போதாது தம்பி. க, ச என்ற இரண்டு உறுப்புகளின் ஃபங்டர்களை அடுத்தடுத்துப் போட்டால் பொதுவாக 'கச'வின் ஃபங்டரே வராது, அதற்கு ஐசோமார்ஃபிக்கான (அமைப்பில் ஒத்த, ஆனால் அதுவே அல்லாத) ஒன்றுதான் வரும். அந்த ஐசோமார்ஃபிசம் 'இருக்கிறது' என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது, இதுதான் என்று ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் மூன்று உறுப்புகளைச் சேர்க்கும்போது, எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் எடுத்து வைத்தவை ஒத்துப்போக வேண்டும். வழுக்குகிற இடம் இதுதான். எதையும் மாற்றாத ஐடென்டிட்டி ஃபங்டரின் ஆட்டோமார்ஃபிசங்கள் (தன்னிலிருந்து தனக்கே போகும் ஐசோமார்ஃபிசங்கள்) பூச்சியமல்லாத ஸ்கேலர்கள், அதாவது எண்கள், மட்டும் என்றால், இதற்கான தடை குலத்தின் மூன்றாம் கோஹோமாலஜியில் (இப்படிப்பட்ட தடைகளை அளக்கும் கணக்கில்) உட்கார்ந்திருக்கும். இரண்டே உறுப்புள்ள குலத்துக்குக்கூட, காம்ப்ளெக்ஸ் எண்களின் மேல், அங்கே பூச்சியமல்லாத உறுப்பு ஒன்று உண்டு. அதனால் 'இரண்டு தடவை போட்டால் ஐடென்டிட்டி மாதிரி வருகிறது, சரி, செயல்பாடுதான்' என்று தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

தடையே இல்லாத ஓர் அழகான உதாரணம் சொல்கிறேன், தாளை எடுத்து வரையுங்கள். ஐந்து புள்ளி, வரிசையாக. இரண்டு பக்கத்து அம்புகளும் நடுப்புள்ளியை நோக்கி. இது ஏ-5 குவிவர் (குவிவர் என்றால் புள்ளிகளும் அம்புகளும் கொண்ட படம்). இடம் வலம் மாற்றுங்கள், மறுபடி மாற்றினால் அசலாகவே பழைய படம். இப்போது ஸ்க்யூ குரூப் அல்ஜீப்ராவை (படத்தின் அல்ஜீப்ராவோடு குலத்தையும் சேர்த்துக் கட்டியதை) எடுத்தால், எதிரெதிர்ப் புள்ளிகள் ஜோடியாகச் சேர்ந்துவிடும், அசையாமல் நின்ற நடுப்புள்ளி மட்டும் இரண்டாகப் பிரியும். மொரிட்டா சமானம் வரைக்கும் (மாட்யூல்கள் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றாகவே கொள்வது) கிடைப்பது டி-4, ஒரு புள்ளியோடு மூன்று புள்ளிகள் சேர்ந்த படம்! (எடுத்துக்கொண்ட எண்களின் கேரக்டரிஸ்டிக் 2 ஆக, அதாவது 1+1=0 ஆக, இருக்கக் கூடாது.) ஐடுன் ரைட்டனும் கிறிஸ்டீன் ரீட்மனும் 1985இல் எழுதியதைத் தேடிப் படியுங்கள், அவசரப்படாமல்.

கேள்வி: பின்னல் குலம் இதில் எப்படி வந்தது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: பின்னல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பெறும் குலம்தான் பின்னல் குலம். மூன்று பிரியை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் இடப்பக்கத்துப் பிரியே மேலே போகும்படி, முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி, மறுபடி முதல் ஜோடி என்று மாற்றினாலும், இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றினாலும் பின்னல் ஒன்றேதான். பவுல் சீடெலும் ரிச்சர்ட் தாமஸும் 2001இல், சில டிரைவ்டு கேட்டகரிகளில் ஸ்ஃபெரிக்கல் ட்விஸ்ட் என்னும் (ஸ்ஃபெரிக்கல் என்ற சிறப்புப் பொருள்களிலிருந்து கிடைக்கும்) ஃபங்டர்கள் இதே விதிக்கு, ஐசோமார்ஃபிசம் வரைக்கும், கட்டுப்படுவதைக் காட்டினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்தது: அவர்கள் போட்ட நிபந்தனைகளுக்குள், அவிழ்ந்து நேராகாத பின்னல் எதுவும் ஐடென்டிட்டியாக மாறிவிடாது.