வானத்தில் மட்டும் தெரியும் கரும்புள்ளி: கமரா சென்சர் தூசு, கேள்வி பதில்

பண்டாரவளையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுத்துத் திரிகிற ஆள் நான். கமரா கம்பெனி இன்ஜினியர் இல்லை. ஒரு தூசுக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறி அலுத்துப்போய் நானாகவே துடைக்கப் பழகினேன், அப்புறம் கூட்டாளிகளின் கமராக்களும் என் மேசைக்கு வரத் தொடங்கின. சென்சர் (கமராவுக்குள் படத்தைப் பதிகிற சில்லு) மேல் உட்காருகிற தூசு பற்றி எதுவும் கேளுங்கள் என்று சொன்னேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மிச்சத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணா, சிவனொளிபாதமலை ஏறி விடியக்காலை எடுத்த படங்களில் வானத்தில் மூன்று நான்கு கரும்புள்ளி. எல்லாப் படத்திலும் அதே இடத்தில். வீட்டுக்குள் எடுத்தால் ஒன்றுமே இல்லை. லென்ஸ் போய்விட்டதா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. லென்ஸ் கண்ணாடியில் ஒட்டுகிற தூசு இப்படிப் புள்ளியாக விழாது, இது சென்சரில் உட்கார்ந்த தூசு. சூரிய உதயத்துக்கு எஃப் 16 என்று துளையைச் சின்னதாக்கியிருப்பீர்கள், வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் எஃப் 2.8க்குத் திறந்திருப்பீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான். தூசு நேராகச் சென்சர் மேல் இல்லை, அதற்கு முன்னால் ஒட்டியிருக்கிற வடிகட்டிக் கண்ணாடி மேல் இருக்கிறது, அதன் நிழல்தான் படத்தில் விழுகிறது. லயத்து வாசலில் எரிகிற ஒற்றைக் குண்டு பல்புக்கு முன்னால் விரலைப் பிடித்துப் பாருங்கள், சுவரில் நிழல் கறுப்பாக விழும். நீள டியூப் லைட்டுக்கு முன்னால் அதே விரலை நீட்டவாக்கில் இல்லாமல் குறுக்காகப் பிடித்தால் நிழல் கரைந்துபோகும். சின்னத் துளை குண்டு பல்ப், பெரிய துளை டியூப் லைட்.

துடைக்க ஓடுவதற்கு முன் ஒரு சோதனை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 16 அல்லது 22, ஃபோகஸைக் கையால் திருப்பிக் கலங்கலாக வைத்து, வெள்ளைச் சுவரையோ மேகம் மூடிய வானத்தையோ எடுங்கள் (நம்மூரில் மேகத்துக்கா பஞ்சம்). ஷட்டர் (சென்சருக்கு வெளிச்சம் விடுகிற கதவு) மெதுவாகட்டும், எடுக்கும்போதே கமராவைக் கொஞ்சம் அசையுங்கள். சுவரின் அழுக்கு கலைந்துபோகும், சென்சர் தூசு மட்டும் அசையாமல் நிற்கும். எஃப் 22இல் பார்த்தால் எந்தக் கமராவிலும் ஏதாவது தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நீங்கள் வழக்கமாக எடுக்கிற எஃப் 8இல் தெரியவில்லை என்றால் கமராவைத் தொடாதீர்கள்.

கேள்வி (வெலிமடை): எனக்குப் புள்ளி கறுப்பாக இல்லை, சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறது, இரவில் நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும்போது.

அது தூசு இல்லை, தூசு எங்கே மின்னப்போகிறது! சென்சரில் ஓரிரு பிக்சல் சூடேறித் தவறாக வேலை செய்கிறது. துடைத்தால் போகாது. சில கமராக்களில் பிக்சல் மெப்பிங் என்று மெனுவில் ஒரு வசதி உண்டு, தேடிப் பாருங்கள்.

கேள்வி (ஹட்டன்): சேர், வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா? வாயால் ஊதினால் போய்விடும் என்கிறார்கள்.

வாயால் ஊதவே வேண்டாம். நமக்குத் தெரியாமல் எச்சில் துளி தெறிக்கும், காய்ந்தால் தூசை விட மோசம். முதலில் கமராவே தன்னை உதறிக்கொள்ளட்டும். 2003இல் ஒலிம்பஸ் ஈ-1 கமராவில் வந்த யோசனை அது, சென்சருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மீயொலி அதிர்வெண்ணில் அதிரவைத்துத் தூசை விழுத்துவது. இப்போது பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது, மெனுவில் இரண்டு மூன்று தரம் ஓட்டிவிடுங்கள்.

போகவில்லையா, ரப்பர் ஊதியை எடுங்கள். பெரிய பலூன் மாதிரி இருக்கிறதே, அது. புது ஊதிக்குள் ரப்பர் மா இருக்கும், ஆகவே முதலில் வெளியே ஒரு இருபது தரம் பிதுக்குங்கள். பெட்டரி முழுக்க சார்ஜ் இருக்க வேண்டும், பாதியில் பெட்டரி செத்தால் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கமராவில் (டிஎஸ்எல்ஆர்) ஷட்டர் மூடிக்கொள்ளும். மெனுவில் கையால் சுத்தம் செய்யும் வழியைத் தெரிவு செய்து, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஊதியின் மூக்கை உள்ளே நுழைக்காமல் வாசலிலேயே வைத்து ஐந்தாறு தரம் அழுத்துங்கள். மின்விசிறி நிற்கட்டும். மழை விட்ட நேரம் நல்லது, காற்றில் தூசு அடங்கியிருக்கும். ஊதியைப் பேக்கின் அடியில் வெறுமனே போட்டு வைக்காதீர்கள், அங்கே கிடக்கிற தூசைத்தான் உறிஞ்சி உங்கள் சென்சரில் துப்பும். ஒரு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

புள்ளி எங்கே என்று தேடும்போது ஒரு குழப்பம் வரும். படத்தில் மேலே இடது பக்கம் தெரிகிற புள்ளி, கமரா வாய் வழியாகப் பார்த்தால் கீழே இடது பக்கம் இருக்கும். லென்ஸ் படத்தைத் தலைகீழாக விழுத்துகிறது அல்லவா.

என் மேசைக்கு வருகிற கமராக்களில் பாதிக்கு மேல் இந்த ஊதலோடு சரியாகிப் போனவைதான். ஈரத்தைத் தொட அவசரப்படாதீர்கள்.

கேள்வி (தலவாக்கலை): தோட்டத்து ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலை) அடிக்கடி படம் எடுக்கிறேன். தேயிலைத் தூசு ஒட்டினால் ஊதியும் போகாதாமே?

ஸ்டோரில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்பதுதான் கேள்வி. கொழுந்து வாட்டுகிற மாடியில் பிரச்சினை குறைவு. காய்ந்த தேயிலையைச் சலிக்கிற அறைதான் வில்லன், அங்கே ஐந்து நிமிஷம் நின்றாலே சட்டை மேல் மஞ்சள் பழுப்பாகப் பஞ்சு படியும். அங்கே நார் பிரிக்கிற மெஷின் பார்த்திருப்பீர்கள். உருளைகள் துணியில் உரசி மின்னேற்றம் பெற்று, கீழே ஓடுகிற தேயிலையிலிருந்து லேசான நாரை மட்டும் மேலே இழுத்துக்கொள்ளும். சென்சர் துடைக்கிற விசேஷத் தூரிகையும் அதே வேலையைத்தான் செய்கிறது: உரோமத்தில் மின்னேற்றம் ஏற்றி, கண்ணாடியில் ஒரே ஒரு தரம் லேசாக இழுத்தால் தூசு தூரிகைக்கு வந்துவிடும். விரலால் அந்த உரோமத்தைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது, உங்கள் விரல் எண்ணெயைச் சென்சரில் பூசுவீர்கள். கமராவின் உள்சுவரில் படவும் கூடாது, அங்கே கிரீஸ் இருக்கும்.

ஆனால் சலிக்கிற அறைக்குள் லென்ஸ் மாற்றாமல் இருந்தாலே இந்தக் கேள்வி வராது. ஒரே லென்ஸோடு போங்கள். வெளியே வந்து கமராவின் வெளிப்புறத்தைத் தூரிகையால் தட்டிவிட்டுத்தான் லென்ஸைக் கழற்ற வேண்டும். பதுளை ரயிலில் கதவோரம் நின்று மாற்றுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

கேள்வி (பதுளை): அண்ணா, ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். ஊதியும் போகாத இரண்டு புள்ளி, ஓரத்தில் வெளிச்ச வளையம் மாதிரி இருக்கிறது.

வளையம் இருந்தால் பெரும்பாலும் எண்ணெய் அல்லது காய்ந்த துளி, தங்கச்சி. இதற்கு ஈரத் துடைப்புத்தான். சென்சர் அளவுக்கேற்ற துடைப்பான் வாங்குங்கள்: முழுச் சட்டக (பெரிய சென்சர்) கமராவுக்கு 24 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்னச் சென்சர்) கமராவுக்கு 16 மில்லிமீட்டர். சென்சர் துடைக்கவென்றே விற்கிற திரவம் இரண்டு சொட்டு, துடைப்பானின் நுனியில். அதற்கு மேல் வேண்டாம், சொட்டச் சொட்ட இருந்தால் திரவம் ஓரத்தால் உள்ளே இறங்கும். சில வினாடி ஊறவிட்டு, ஒரு ஓரத்தில் வைத்து, தண்டு மெல்ல வளைகிற அளவுக்கு மட்டும் அழுத்தி, நிறுத்தாமல் மறு ஓரம் வரை ஒரே இழுவை. துடைப்பானைத் திருப்பி, சுத்தமான மறுபக்கத்தால் திரும்பி ஒரு இழுவை. அவ்வளவுதான், அதைக் குப்பையில் போடுங்கள். 'இன்னும் நல்லாத்தானே இருக்கு' என்று இன்னொரு தரம் இழுக்கிறபோதுதான் அதில் ஒட்டிய மணல் கோடு போடும். ஈரம் வைப்பதற்கு முன் கட்டாயம் ஊதச் சொல்வதும் அதனால்தான். அப்புறம் எஃப் 16இல் ஒரு சோதனைப் படம். முதல் துடைப்பில் தூசு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயிருக்கும், இன்னொரு புதுத் துடைப்பானால் இரண்டாம் தரம் துடைத்தால் போய்விடும்.

கேள்வி (நாவலப்பிட்டி): அந்தத் திரவம் இங்கே கிடைக்காது. பார்மசி ஸ்பிரிட், காது குடைகிற பஞ்சு போதாதா?

போதாது என்று நான் பட்டே படித்தேன். ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, பார்மசி ஸ்பிரிட்டும் பஞ்சுக்குச்சியும் வைத்துத் துடைத்துவிட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தேன், பளபள என்றிருந்தது. மறுநாள் மண்டபத்துக்குள் எல்லாம் நல்ல படம். மத்தியானம் மாப்பிள்ளை பொண்ணைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போய் எஃப் 11இல் எடுத்தேன், வானம் முழுக்க வைப்பர் இழுத்த பஸ் கண்ணாடி மாதிரி கோடு கோடாக. ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கிறது, சிலவற்றில் எண்ணெய் வகைகளும் சேர்ப்பார்கள், ஆவியானதும் அந்தப் படிவு நிற்கும். பஞ்சு நாரை விட்டுப்போகும். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் தருகிற திரவமும் அப்படித்தான், சோப்புத் தன்மை இருக்கிறது. அந்தக் கோட்டை எடுக்க மூன்று நல்ல துடைப்பான் செலவானது.

கேள்வி (கண்டி): டுபாயிலிருந்து வருகிற அண்ணாவிடம் கொண்டுவரச் சொல்லலாமா?

துடைப்பான், ஊதி தாராளமாக. திரவங்களில் பல மெதனோல், தீப்பற்றும், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். தீப்பற்றாதது என்று குறித்த வகைகளும் விற்கிறார்கள், அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மெதனோல் நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுத் துடையுங்கள்.

கேள்வி (கம்பளை): டயர் கடையில் காற்று அடித்தால் என்ன?

ஐயோ. அந்தக் காற்றில் கம்ப்ரசரின் எண்ணெயும் தண்ணீரும் வரும், வேகமும் ஷட்டர் தகட்டையே வளைக்கும். டப்பாவில் அடைத்த காற்றும் வேண்டாம், சாய்த்தால் குளிர்ந்த திரவத்தைத் துப்பும்.

கேள்வி (ஹப்புத்தளை): புதுக் கமரா, லென்ஸைக் கழற்றியதே இல்லை. தூசு எப்படி வந்தது?

ஸூம் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கும். ஷட்டரே அசைந்து அசைந்து துகளும் எண்ணெயும் விடும். 2012இல் வந்த நிகோன் டி600 இதற்குப் பேர்போனது. 2013இல் கம்பெனியே அறிவித்தல் விட்டது, 2014இல் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நீங்கள் கை வைக்காமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): அண்ணா, பனிக்குள் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் சென்சர் வரை வியர்க்கிறது. அரிசிக்குள் போட்டு வைக்கலாமா?

அரிசி வேண்டாம், அதன் மாவே தூசுதானே. குளிரில் இருக்கும்போதே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அப்புறம் வீட்டுக்குள் வாருங்கள். அடுப்படிப் பக்கம் போகாமல் ஒரு மணித்தியாலம் அப்படியே விடுங்கள், வியர்வை பைக்கு வெளியே நிற்கும். வியர்த்த சென்சரில் ஒட்டிய தூசு காய்ந்தால் பசை போட்டது மாதிரி, ஊதினாலும் அசையாது. ராத்திரியில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், லென்ஸில் பூஞ்சணமும் பிடிக்காது.

கேள்வி (ஹட்டன், வேறொருவர்): என் கமராவில் சென்சர் உள்ளே ஆடுகிறது. கழன்றுவிட்டதா?

உள்ளேயே அதிர்வு தாங்குகிற வசதி உள்ள கமரா அது. மின்சாரம் இல்லாதபோது சென்சர் மிதக்கும், குலுக்கினால் ஆடுகிற மாதிரி இருக்கும். ஆகவே பட்டனை அணைத்துவிட்டு ஈரத் துடைப்பு செய்யாதீர்கள், மெனுவில் சுத்தம் செய்யும் வழிக்குப் போய், உங்கள் மாடலின் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள்.

கேள்வி (தெரணியகலை): வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கிற துவாரத்தில்) தூசு தெரிகிறது, படத்தில் இல்லை.

பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கமராவா? அப்படியே விடுங்கள். அது ஃபோகஸ் திரையில் இருக்கிறது. அந்தத் திரையும் பிரதிபலிக்கும் கண்ணாடியும் சென்சர் மேல் இருக்கிற கண்ணாடியை விட எளிதில் கீறும்.

கேள்வி (மாத்தளை): நாளைக்கு அல்பம் கொடுக்க வேண்டும். 900 படத்திலும் அதே புள்ளி.

இப்போது கமராவைத் திறக்காதீர்கள், அவசரத்தில் கீறுவீர்கள். லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளியை எடுத்துவிட்டு, அதே இடத்தை வானம் உள்ள மற்றப் படங்களுக்கும் ஒட்டுங்கள். முகத்தில் விழுகிற படங்களை மட்டும் தனித்தனியாகப் பாருங்கள். மூக்குத்தியையும் தூசென்று நினைத்து அழித்துவிடும், எனக்கு நடந்திருக்கிறது.

இன்னும் கேட்க நினைப்பவர்கள் எஃப் 16இல் எடுத்த வெள்ளைச் சுவர்ப் படத்தோடு வாருங்கள். பூப்படம் அனுப்பினால் பூவைப் பற்றித்தான் சொல்வேன்.